கோல்பியின் பெயரில் நான் போட்ட கையெழுத்து

என் பெயர் கிரேடி ஹார்வத். வயது இருபது. தகப்பனார் பெயர் லெஸ் ஹார்வத், தாயார் பெயர் ரோண்டா ஹார்வத். ஓஹாயோ மாநிலம், கெர்ட்டன் நகரம், வால்நட் தெரு, 418ஆம் எண் வீட்டின் மாடி அறையில் குடியிருக்கிறேன். கெர்ட்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பந்தாட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் விளையாட்டு அரங்கத்தின் வடக்கு வாயிலில் உள்ள தின்பண்டக் கடையில் வேலை பார்க்கிறேன்.

என் தம்பி கோல்பி ஹார்வத், வயது பதினெட்டு, கடந்த அக்டோபர் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, மேப்பிள் தெருவில் உள்ள மாணவர் சகோதரச் சங்க வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இறந்துபோனான். அது தொடர்பாக என் பெற்றோர் தொடுத்துள்ள உரிமையியல் வழக்கில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். அந்த வழக்கில் பல்கலைக்கழகத் தரப்பு ஒரு தாளைத் தாக்கல் செய்திருக்கிறது. அக்டோபர் ஒன்பதாம் தேதி நடந்த ராகிங் தடுப்பு வகுப்பில் கோல்பி நேரில் உட்கார்ந்து கேட்டு, விதிகள் எல்லாம் புரிந்தன என்று கையெழுத்திட்ட தாள் அது என்று சொல்கிறார்கள். அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொல்ல, அதற்கு முந்தைய ஒரு வருடத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னால் பல்கலைக்கழகம் என்னை நீக்கக்கூடும் என்று எங்கள் வழக்கறிஞர் மார்வா குயின்லன் எனக்கு விளக்கினார். எனக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாருடைய கட்டாயத்தின் பேரிலும் இதைச் சொல்லவில்லை.

சங்கத்தில் சேர்ந்த மாணவர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் மேற்படி வீடு சாம்பல் நிறக் கல்லால் கட்டியது. முகப்பில் கிரேக்க எழுத்துகள் மாட்டியிருந்தாலும் ஊரில் எல்லோரும் கல்வீடு என்றே சொல்வோம். அந்த வீட்டுப் பையன்களுக்கு விளையாட்டு அரங்கில் கயிறு கட்டிய தனி வரிசை உண்டு. படிப்பு முடிந்ததும் அந்த வீட்டின் பழைய பையன்கள் நடத்தும் கம்பெனிகளில் அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. நாங்கள் பிரைஸ்வில் ஊர்க்காரர்கள். அப்பா வண்டி அச்சு செய்யும் ஆலையில் இருக்கிறார். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எங்களுக்குத் தெரிந்த கம்பெனி என்று எதுவும் இல்லை.

முதலாம் ஆண்டில், அதாவது கோல்பி இங்கே வருவதற்கு ஒரு வருடம் முன்பு, சங்க வீடுகள் புது ஆள் எடுக்கும் வாரத்தில் நான் கல்வீட்டுக்குத் தொடர்ந்து ஐந்து நாள் போனேன். அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் பார்க்கர் டில்மன் என்ற உறுப்பினர் என் கையைக் குலுக்கி, "உங்கப்பா என்ன பண்றாரு" என்று கேட்டார். நான் சொன்னேன். "சூப்பர்" என்றார். அதைச் சொல்லும்போது என் தோளுக்குப் பின்னால் நின்ற இன்னொருவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், தேர்ந்தெடுத்த பையன்களின் அறைக் கதவுக்கு அடியில் நான்கு மணிக்குள் ஒரு உறையைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் மூன்றரை மணியிலிருந்து கதவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு எழுந்து துணி துவைக்கப் போனேன். அதன் பிறகு அந்த வீட்டைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கோல்பி என்னைவிடப் பதின்மூன்று மாதம் இளையவன். மறு ஆகஸ்ட்டில் இதே பல்கலைக்கழகத்துக்கு வந்தான். எந்த வீட்டுக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டான். கல்வீட்டுக்கு மட்டும் போகாதே, அங்கே ராகிங் அதிகம் என்று சொன்னேன். அங்கே ராகிங் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவன் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் ஆட்கள் அவன் பக்கம் திரும்புவார்கள். அப்படியும் போனான், ஐந்து நாளில் மூன்று நாள் மட்டும். உறை வந்தது.

அன்று அந்த உறையை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்குத்தான் வந்தான்.

"கிரேடி, கிடைச்சிருச்சுடா."

"ம்."

"என்னடா ம். கட்டிப்புடிக்க மாட்டியா?"

கையில் சோப்பு இருக்கிறது என்று சொன்னேன். பாத்திரம் எதையும் நான் கழுவிக்கொண்டிருக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் கல்வீட்டிலிருந்து என் அப்பாவுக்கு ஒரு தொப்பி வந்தது. வீட்டின் எழுத்துகளும் அதற்குக் கீழே 'அப்பா' என்ற சொல்லும் தைத்த தொப்பி. அதை அவர் ஆலைக்குப் போட்டுக்கொண்டு போனார். மளிகைக் கடையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் தொப்பியைக் கழற்றிக் காட்டி, "சின்னவனுக்கு எடம் கெடச்சிருச்சு" என்று சொன்னதை நான் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் கோல்பி கோட்டுப் போட்டு நிற்கும் படத்தை அம்மா ஒட்டினார். நான் துறையில் முதல் பத்துப் பேருக்குள் வந்ததற்கான கடிதம் அந்தப் படத்துக்கு அடியில் போயிற்று. கடிதத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது.

கல்வீட்டில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரை அண்ணன் என்று ஒதுக்குவார்கள். கோல்பிக்கு ஒதுக்கப்பட்டவர் பார்க்கர் டில்மன். புதுப் பையன்கள் எட்டு வாரம் அவர்களுக்குக் கார் கழுவ வேண்டும், சாப்பாடு வாங்கி வர வேண்டும், வீட்டை நிறுவியவர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பித்தளையில் ஒரு சிறிய பேட்ஜ் கொடுப்பார்கள். அது எந்நேரமும் சட்டையில் இருக்க வேண்டும். குளிக்கும்போதுகூடப் பல்லில் கடித்துக்கொள்வோம் என்று கோல்பி சொன்னான். வெளியாள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது, தொலைத்தால் தண்டனை உண்டு.

அவன் வாரத்துக்கு ஒரு முறை என் அறைக்கு வருவான். வந்தால் பேச்செல்லாம் அண்ணன் அப்படிச் சொன்னான், அண்ணன் இப்படிச் சொன்னான் என்றே இருக்கும். என்னை அவன் பிறந்ததிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான். அவனுக்கு முகம் மழிக்கக் கற்றுக்கொடுத்தது நான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். ஒரு நாள் டையில் புது மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். நான் கற்றுக்கொடுத்த முடிச்சு பேருந்து ஓட்டுநர் முடிச்சு என்று அண்ணன் சொன்னானாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இனி அக்டோபர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்று மாலை நான்கு மணிக்கு எல்லா சங்க வீடுகளின் புதுப் பையன்களும் பல்கலைக்கழகப் பேரரங்கத்தில் ராகிங் தடுப்பு வகுப்புக்கு நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. வந்து கையெழுத்துப் போடாதவன் எந்த வீட்டிலும் சேர முடியாது. மூன்று மணிக்குக் கோல்பி என் அறைக்கு மூச்சு வாங்க வந்தான். அதே நான்கு மணிக்குத் தன் டிரக்கைக் கழுவி மெழுகு போட்டு வைக்க வேண்டும் என்று பார்க்கர் சொல்லியிருக்கிறார்.

"நீ போய் உக்காந்துட்டு வாடா. அரை மணி நேரம்தான்."

"மாட்டிக்கிட்டா ரெண்டு பேரையும் தூக்கிருவாங்க."

"யார் பாக்கப்போறா? நம்ம ரெண்டு பேரையும் அத்தைக்கே அடையாளம் தெரியாது."

"உங்க அண்ணன்கிட்ட கிளாஸ் இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். ராகிங் பத்தி நான் சொல்லித் தர்றேன், நீ வண்டியக் கழுவுன்னான்."

முதலில் முடியாது என்றேன். அதன் பிறகு அவன் தன் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றி என் மேசையில் வைத்தான். பெயர் எழுதிய அட்டையையும் கோட்டையும் வைத்தான். அப்போது சரி என்றேன். அவன் பாவம் என்று ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொள்ளலாமா என்று வழக்கறிஞர் கேட்டார். இல்லை. பேட்ஜைப் பார்த்ததால் ஒத்துக்கொண்டேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டு பேட்ஜைக் குத்திக்கொண்டு கிளம்பினேன். என் அறையிலிருந்து பேரரங்கத்துக்கு நூலகத்தின் பின்புறம் வழியாக ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். நான் மேப்பிள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். கல்வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்த இருவர் தூரத்திலிருந்து என் மார்பில் பேட்ஜைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நூலகத்தின் முன்னால் ஒரு பெண் என்னிடம் மணி கேட்டாள். என் வகுப்பில் ஒரு வருடமாகக் கூடப் படிப்பவள், அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பேரரங்கத்தில் ஏறக்குறைய நூற்று அறுபது பேர் இருந்தோம். வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. மாணவர் நலப் பிரிவின் உதவி இயக்குநர் திருமதி கிரெஸ்ஸல் மேடையில் பேசினார். படம் போட்டார்கள், அது பாதியில் நின்றுவிட்டது, சரி, மிச்சம் உங்களுக்கே தெரியும் என்று சொன்னார். எனக்குப் பின் வரிசையில் இருவர் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை, அவர் சொன்னது முழுவதையும் கேட்டேன். குடித்துவிட்டு ஒருவன் எழுப்பியும் எழவில்லை என்றால் அவன் தூங்கவில்லை என்று அர்த்தம், உடனே கூப்பிடுங்கள், கூப்பிடுகிறவன் மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று சொன்னார். தொலைபேசி எண் அச்சடித்த மஞ்சள் நிற அட்டை ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதன் பிறகு தாள்களைக் கட்டாக வரிசை முனையில் கொடுத்தார்கள், ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப அனுப்பினோம். தாள்கள் சேர்ந்ததும் யாரும் ஆளையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் முடிய இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

வழக்கில் தாக்கலாகியிருக்கும் தாளில் உள்ள 'கோல்பி ஹார்வத்' என்ற கையெழுத்தைப் போட்டது நான். முதல் எழுத்தின் வளைவை அவன் போடுவது போலவே போட்டேன். அவன் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

அன்று மாலை அவன் தொலைபேசியில் கேட்டான்.

"ஏதாவது முக்கியமா சொன்னாங்களா?"

"ஒன்னுமில்ல. வழக்கமான பேச்சு."

"பேட்ஜ்?"

"நாளைக்கு வந்து வாங்கிக்க."

வியாழக்கிழமை அவன் வந்தபோது நான் அறையில் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை, நாளைக்கு அது கட்டாயம் வேண்டும், எங்கே வைத்தாய் என்று மூன்று முறை செய்தி அனுப்பினான். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். அப்போது அது என் சட்டையில் குத்தியிருந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் மாலையும் அதைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நான் மறதியாக வைத்திருந்தேன் என்று சொன்னால் போதும் என்று வழக்கறிஞர் சொன்னார். அது மறதி இல்லை.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். ஆட்ட நாட்களில் கல்வீட்டின் பின்முற்றத்தில் காலை ஏழு மணிக்கே குடி தொடங்கிவிடும். அன்று என்ன நடந்தது என்பது காவல்துறை ஆவணங்களில் இருக்கிறது. நான் நேரில் பார்க்கவில்லை. பன்னிரண்டு புதுப் பையன்களின் கைப்பேசிகளையும் ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டினார்கள், ஒவ்வொரு அண்ணனும் தன் தம்பிக்கு ஒரு பாட்டில் விஸ்கி கொடுத்தார், ஆட்டம் தொடங்குவதற்குள் அதை முடிக்க வேண்டும் என்று இருந்தது என்பதை அந்த ஆவணங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். நேரில் பார்த்ததை இனிச் சொல்கிறேன்.

என் கடையிலிருந்து பார்த்தால் கல்வீட்டுக்காரர்களின் கயிறு கட்டிய வரிசை நேர் கீழே தெரியும். புதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். பதினொரு பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதி தொடங்கியபோது, ஆட்ட எண்ணிக்கைப் பலகையின் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது காட்டியபோது, பார்க்கர் டில்மன் என் கடைக்கு வந்தார்.

"நீ ஹார்வத் வீட்டுப் பையன்தானே. பெரியவன்."

"கோல்பி எங்க?"

"ஆளு காலி. பத்து மணிக்கே அவுட்டு. கீழ சோபால கெடக்கான்."

"எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல."

"கன்னத்துல தட்டிப் பாத்தோம், தண்ணி ஊத்திப் பாத்தோம். எந்திரிக்கல. முதுகுல பைய மாட்டிவிட்டுட்டுத்தான் வந்தோம், புரள மாட்டான். பேட்ஜத் தொலைச்சிட்டான்ல, அதுக்கு அபராதமா இன்னொரு கால் பாட்டில். பய நல்லாத்தான் தாக்குப்பிடிச்சான்." அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்ச அப்படி வச்சுக்காத. என் தம்பிடா அவன். நான் பாத்துக்கறேன்" என்றார்.

புத்தகங்களை அடைத்த பையை முதுகில் கட்டிவிட்டால், போதையில் விழுந்தவன் மல்லாக்கப் புரள மாட்டான், வாந்தி எடுத்தாலும் மூச்சு அடைக்காது என்று அந்த வீட்டில் நம்புகிறார்கள். வருடா வருடம் மூத்தவர்கள் இளையவர்களுக்கு அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கோல்பியின் முதுகில் இருந்தது அவனுடைய பைதான். அதில் நான் அவனுக்குக் கொடுத்த என் பழைய இயற்பியல் புத்தகமும் இருந்தது.

பார்க்கர் இரண்டு உப்பு ரொட்டி முறுக்கு கேட்டார். கடுகுச் சாந்து வேண்டுமா என்று கேட்டு, வைத்துக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். மஞ்சள் அட்டை என் பணப்பையில் இருந்தது. எழுப்பியும் எழாதவன் தூங்கவில்லை என்பதை மூன்று நாள் முன்பு கேட்டிருந்தேன். கோல்பி எழவில்லை என்பதும், அதற்கு என்ன அர்த்தம் என்பதும் இரண்டும் எனக்கு அப்போது தெரியும். நான் கூப்பிடவில்லை. ஏன் என்று என்னிடம் இன்று இரண்டு முறை கேட்கப்பட்டது. கீழே அந்த வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. மூன்றே கால் மணி வரை வேலை செய்துகொண்டே அவ்வப்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு வாயிலிலிருந்து கல்வீட்டுக்கு நடக்க ஒன்பது நிமிடம் ஆகிறது. பிற்பாடு நடந்து பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து திரும்பிய கல்வீட்டுக்காரர்கள் நான்கு பத்துக்கு அவனைப் பார்த்திருக்கிறார்கள். முற்றத்தில் கிடந்த பாட்டில்களை அள்ளி அப்புறப்படுத்திய பிறகு நான்கு நாற்பதுக்குத்தான் அவசர உதவியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கடையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டார். "கிரேடி, தம்பிகூட இருக்கியா" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அடக்கத்தின்போது பார்க்கர் டில்மன் இன்னும் கைதாகவில்லை. கல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பெட்டியைத் தூக்க அப்பா ஆள் நிறுத்தியபோது முன்பக்கம் வலது கைப்பிடியைப் பார்க்கருக்குக் கொடுத்தார். நான் அவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்கு முந்தின நாள் அம்மா, புதைக்கும்போது சட்டையில் குத்த வேண்டும் என்று பேட்ஜைத் தேடினார். பிண அறையிலிருந்து கொடுத்த துணிப்பையை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தார், அவன் சட்டைக் கைமடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார், அங்கே வேலை பார்ப்பவர்களில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் சண்டை போட்டார். நான் அறை வாசலில் நின்றேன். பேட்ஜ் என் கோட்டுப் பையில் இருந்தது. மூன்று வாரம் கழித்துக் கல்வீட்டின் தலைமைச் சங்கத்திலிருந்து தடித்த தாளில் ஓர் அனுதாபக் கடிதம் வந்தது. பேட்ஜ் சங்கத்தின் சொத்து, திருப்பி அனுப்பவும் என்பது அதன் கடைசி வரி.

ஜனவரியில் பெற்றோருடன் வழக்கறிஞர் குயின்லனின் அலுவலகத்துக்குப் போனேன். என்னென்ன வழிகள் உண்டு என்று அவர் சொன்னார். பார்க்கர் மீதும் இன்னும் இருவர் மீதும் உள்ள குற்ற வழக்கை அரசுத் தரப்பு நடத்தும், அதில் எங்களுக்குச் சாட்சி சொல்வதைத் தவிர வேலை இல்லை. உரிமையியல் வழக்கை நாங்கள் தொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். பையன்கள் மீது, அந்த வீட்டின் மீது, அதன் தலைமைச் சங்கத்தின் மீது, பல்கலைக்கழகத்தின் மீது என்று நான்கு பேர் மீதும் தொடுக்கலாம். இல்லாவிட்டால் தலைமைச் சங்கம் சமரசத்துக்குத் தயாராக இருக்கிறது, ஆனால் அதன் பிறகு கோல்பி எப்படி இறந்தான் என்று நாங்கள் யாரிடமும் பேசக் கூடாது.

அப்பா தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டு முடிச்சிரலாம் ரோண்டா. அவன் வரவா போறான்."

"வாயத் தச்சுக்கறதுக்குச் சம்பளமா?" என்றார் அம்மா. "தினம் அறுபது புள்ளைங்க என் வண்டியில ஏறுது. அதுல எது எந்த வீட்டுக்குப் போகப்போகுதோ. நான் பேசாம ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கவா? பல்கலைக்கழகத்த விடாதீங்க மேடம். எத்தன வருஷமா அந்த வீடு அங்க இருக்கு."

"பையன் சம்மதிச்சுத்தான் குடிச்சான்னு சொல்லித் தப்பிக்க இந்த மாநிலச் சட்டத்துல இடம் இல்ல" என்றார் வழக்கறிஞர். "ஆனா பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஒரு கதவு தொறந்திருக்கு. ராகிங் தடுப்பு விதிய நாங்க நெசமாவே நடத்திக்கிட்டுத்தான் இருந்தோம்னு காட்டிட்டா அவங்க வெளிய போயிருவாங்க. அதுக்கு என்ன வச்சிருக்காங்கன்னு பாப்போம்."

அவர்கள் வைத்திருந்தது மேற்படி தாள். மார்ச் மாதம் அதன் நகலை வழக்கறிஞர் எங்களுக்குக் காட்டினார். இதைக் காட்டித்தான் பல்கலைக்கழகம் வழக்கிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்கிறது, அநேகமாக விடுவித்துவிடுவார்கள் என்றார். அம்மா அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. கையெழுத்தின் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினார். "சின்னவன் எழுத்து" என்றார். "செத்ததுக்கு மூணு நாள் முன்னாடி. கடைசியா எழுதுனது இதான்." தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேருந்தில் தன் தலைக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் செருகி வைத்திருக்கிறார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறார் என்று அந்த வண்டியில் வரும் பக்கத்து வீட்டுச் சிறுமி என்னிடம் சொன்னாள். நான் எழுதிய எதையும் அவர் அப்படி வைத்திருந்ததில்லை. அந்தச் சிறுமி சொன்னபோது முதலில் என் மனதில் வந்தது அதுதான். அது நான் எழுதியது என்பது அதற்குப் பிறகே வந்தது.

மறுநாள் நான் மட்டும் வழக்கறிஞரிடம் போய்க் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இத நீ சொன்னா அவங்க கதவு மூடிரும். யார் உக்காந்திருக்கான்னே பாக்காம நடத்துனது வகுப்பே இல்லன்னு நான் வாதாடலாம். அவன் எந்திரிக்கலன்னு தெரிஞ்சேதான் பார்க்கர் விட்டுட்டு வந்தான்னும் ஆயிரும். ஆனா நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு கிரேடி. பேட்ஜ் கதைய யாரும் உன்கிட்ட கேக்கல. அதச் சொன்னா அண்ணன்காரன்தான் காரணம்னு உன்ன நிறுத்தி வச்சுக் கிழிப்பாங்க."

கிழிக்கட்டும் என்று சொன்னேன். பார்க்கர் பாட்டிலைக் கொடுத்தார், கல்வீடு அதற்கு இடம் கொடுத்தது, பல்கலைக்கழகம் இருபத்திரண்டு நிமிடத்தில் தன் கடமையை முடித்துக்கொண்டது. கால் பாட்டில் அபராதத்துக்குக் காரணமான பேட்ஜ் என்னிடம் இருந்தது. இவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு அதை மட்டும் விட்டால், இதுவும் அந்தத் தாளைப் போன்ற இன்னொரு தாளாகத்தான் இருக்கும்.

பேட்ஜையும் மஞ்சள் அட்டையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்ததும் பேட்ஜைத் தலைமைச் சங்கத்துக்கு அனுப்பாமல் என் தாயார் ரோண்டா ஹார்வத்திடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போது வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறார். தட்டச்சு ஆனதும் இதை முதலில் அவரிடம் படிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் உள்ள நகலை எடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்பது அவருடைய விருப்பம்.

மேலே கண்டவை என் வாயால் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டன. நான் அறிந்தவரை அனைத்தும் உண்மை. இதற்குக் கீழே உள்ள கையெழுத்து என் கையால், என் பெயரில் போட்டது. போடுவதற்கு முன் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

(ஒப்பம்)
கிரேடி ஹார்வத்
கெர்ட்டன், ஏப்ரல் 3